மாடியில் நடந்த கூட்டமும் கீழே வாங்கிய கையெழுத்தும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள பேரூராட்சி ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 41. குழந்தையிலேயே போலியோ தாக்கியவர். வெளியே போக இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், மற்ற நேரத்தில் சக்கர நாற்காலி. பேருந்து நிலையத்தை ஒட்டிய பேரூராட்சிக் கடை ஒன்றில் வாடகைக்குத் தையல் கடை நடத்துகிறார். வயதான அம்மாவும் இவரும் மட்டும்தான் வீட்டில்.

வெளிநாட்டு வங்கிக் கடனில் ஊருக்கு ஒரு பெரிய திட்டம் வந்திருக்கிறது. தெருக்களில் மழைநீர் வாய்க்கால், புதிய சாலை, பேருந்து நிலையத்தில் மாடியுடன் வணிக வளாகம். முதல் தெருவில் வாய்க்கால் வேலை முடிந்துவிட்டது. வாய்க்காலை மூடிய கான்கிரீட் சிலாப் சாலையைவிட ஒன்றரை அடி மேலே நிற்கிறது. அடுத்தது இவருடைய தெரு. இவர் கடை இருக்கும் வரிசையும் இடிபடப் போகிறது. புதிய வளாகத்தில் மாடியில்தான் இடம் கிடைக்கும் என்கிறார்களாம்.

கருத்துக் கேட்புக் கூட்டம் பேரூராட்சி அலுவலக மாடியில் நடந்திருக்கிறது. இவரால் ஏற முடியவில்லை, கீழேயே காத்திருந்தார். ஊழியர் ஒருவர் பதிவேட்டை எடுத்து வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு மேலே போனார். அப்புறம் பார்த்தால், கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் “மாற்றுத்திறனாளிகள் தரப்பிலும் கலந்துகொண்டனர்” என்று இருக்கிறது. பொறியாளரிடம் போய்க் கேட்டபோது அவர் சொன்னது: “உங்களுக்குன்னு தனியா உலக வங்கித் திட்டமே வந்திருக்கேம்மா, அங்க போய்க் கேளுங்க. கட்டடத்துக்குப் பின்னாடி ராம்ப் போட்டுத் தர்றோம்.”

‘நான் கையெழுத்துப் போட்டுவிட்டேனே, இனி கேட்க முடியுமா? வெளிநாட்டுக் கடன் என்பதால் நம் சட்டம் செல்லாதாமே? நான் ஒருத்தி புகார் செய்து கடன் நின்றுபோனால் ஊர் என்னைச் சும்மா விடுமா? என் உதவித்தொகைக்கும் ஆபத்து வருமோ?’ இவைதான் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தக் கையெழுத்து. வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்து நீங்கள் வந்ததற்கு மட்டுமே சாட்சி. திட்டத்துக்குச் சம்மதித்தீர்கள் என்று அதை வைத்து யாரும் சொல்ல முடியாது. உங்கள் நிலையில் அது நேர்மாறாகவே பயன்படும். மாடியில் கூட்டம் வைத்து, ஏற முடியாதவரிடம் கீழே கையெழுத்து வாங்கி, ‘கலந்துகொண்டார்’ என்று எழுதியது, உங்கள் தரப்பைக் கேட்கவே இல்லை என்பதற்கான ஆதாரம். நாள், நேரம், யார் பதிவேட்டைக் கொண்டுவந்தார், கூட்டம் எந்த மாடியில் நடந்தது என்பதையெல்லாம் நினைவு மங்குவதற்குள் எழுதி, செயல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ‘என் கருத்து கேட்கப்படவில்லை. குறிப்பைத் திருத்த வேண்டும். தரைத்தளத்தில் மறுபடி கூட்டம் வைக்க வேண்டும்’ என்ற மூன்று வாக்கியம் போதும். நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

“உங்களுக்குத்தான் தனித் திட்டம் இருக்கிறதே”

பொறியாளர் சொன்னதில் பாதி உண்மை. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தமிழ்நாடு உரிமைகள் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. அதற்கு 16.2 கோடி டாலர் கடன் தர உலக வங்கி 2022-இல் ஒப்புதல் தந்தது. அதன் ‘விழுதுகள்’ மையங்களில் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி போன்ற சேவைகள் கிடைக்கின்றன. நல்ல திட்டம், தேவைப்பட்டால் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் உங்கள் வீட்டு வாசல் வாய்க்காலை விழுதுகள் மையம் கட்டப் போவதில்லை, பேரூராட்சிதான் கட்டப் போகிறது. கல்யாண வீட்டில் தனியாக ஓர் இலை போட்டுவிட்டோம், பந்தியில் இடம் கேட்காதே என்றால் ஒப்புக்கொள்வோமா?

ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதன் 32-ஆம் பிரிவு பன்னாட்டு வளர்ச்சித் திட்டங்களைப் பற்றியே பேசுகிறது. சாலை, குடிநீர், சந்தை என்று எந்தத் திட்டமானாலும் மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்கியதாகவும் அவர்கள் அணுகக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 2018-இல் லண்டனில் நடந்த உலக மாற்றுத்திறனாளிகள் மாநாட்டில் உலக வங்கி பத்து உறுதிமொழிகள் தந்தது. கல்வி, போக்குவரத்து, எண்ணியல் சேவை, தனியார் முதலீடு, பேரிடர் மறுசீரமைப்பு என்று பொதுவான துறைகளைத் தொட்ட உறுதிமொழிகள் அவை. 2025-இல் பெர்லினில் நடந்த அதே மாநாட்டின்போது வந்த அம்மான்–பெர்லின் பிரகடனமோ, ஒரு நாட்டில் நடக்கும் பன்னாட்டு வளர்ச்சித் திட்டங்களில் குறைந்தது 15 விழுக்காடு, மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்குவதை நோக்கமாகவே கொள்ள வேண்டும் என்று இலக்கு வைத்தது. தனித் திட்டம் கொடுத்துவிட்டோம், மற்றதில் கேட்காதே என்ற பேச்சுக்கு இவற்றில் எங்கும் இடமில்லை.

கடன் வெளிநாட்டுடையது, சட்டம் நம்முடையது

கடன் எங்கிருந்து வந்தாலும் கட்டடம் எழுவது சிவகங்கை மாவட்டத்து மண்ணில். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அதற்குப் பொருந்தும். அரசும் உள்ளாட்சியும் அதற்குக் கட்டுப்பட்டவை. இந்தச் சட்டத்தின் 44-ஆம் பிரிவை நீங்கள் மனப்பாடம் செய்துகொண்டாலும் தவறில்லை. அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக் கூடாது. விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்குப் பணிநிறைவுச் சான்று தரக் கூடாது, குடிபுகவும் விடக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் நடமாட ஏற்ற சாலைகளைப் பற்றி 41-ஆம் பிரிவு பேசுகிறது. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் என்கிறது 89-ஆம் பிரிவு.

2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. சட்டம் கட்டாயம் என்று சொல்வதை, விதிகள் வெறும் பரிந்துரையாக நீர்த்துப்போகச் செய்திருக்கின்றன என்று சொல்லி, அந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளில் 15(1)-ஐ ரத்து செய்தது. விட்டுக்கொடுக்கவே முடியாத அடிப்படை விதிகளைத் தனியே வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. மீறினால் பணிநிறைவுச் சான்றை நிறுத்திவைப்பது, அபராதம் விதிப்பது ஆகியவற்றை நடைமுறைப்படுத்தவும் சொன்னது. “வழிகாட்டிதானே, கட்டாயமில்லை” என்று யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லுங்கள்.

அடுத்து வங்கி. எந்த வங்கி என்று நீங்கள் எழுதவில்லை. பலகையில் சரியாக இல்லாமலும் இருக்கலாம். சிறிய ஊர்களுக்குப் பணம் பல நேரம் நேராக வருவதில்லை, தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் போன்ற அமைப்பு வழியாக வருகிறது. எனவே முதல் வேலை, எந்த வங்கி என்று கண்டுபிடிப்பது. உலக வங்கி என்றால், 2018 அக்டோபருக்குப் பிறகு தொடங்கிய முதலீட்டுத் திட்டங்களுக்கு அதன் சுற்றுச்சூழல், சமூகச் சட்டகம் என்ற விதித்தொகுப்பு பொருந்தும். கடன் வாங்கும் அரசு, இந்த விதிகளைப் பின்பற்ற என்னென்ன செய்வோம் என்று சொல்லும் ஒரு பொறுப்புறுதித் திட்டத்தில் கையெழுத்திடுகிறது. அலுவலகங்களில் ஈ.எஸ்.சி.பி. என்பார்கள். அது கடன் ஒப்பந்தத்தின் பகுதி. மக்களைக் கலந்தாலோசிக்கும் திட்டம் என்று இன்னொரு ஆவணமும் உண்டு. யாரை, எப்படி, எந்த வடிவத்தில் கேட்போம் என்று அதில் எழுதியிருப்பார்கள். இவை வங்கியின் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கும். மாடியில் நடந்த கூட்டத்தை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொதுமக்கள் வந்துபோகும் புதிய கட்டடங்களில் எல்லாருக்குமான அணுகல் வேண்டும் என்று சொல்லும் அதே வங்கி விதியில், ‘தொழில்நுட்ப ரீதியிலும் நிதி ரீதியிலும் இயலும் இடத்தில்’ என்று ஒரு வாசலும் திறந்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் நிறைய பேர் நழுவுகிறார்கள். நம் 44-ஆம் பிரிவில் அந்த வாசல் கிடையாது. ஆகவே வங்கியின் விதியை மட்டும் நம்பி மனு எழுதாதீர்கள். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

சிலாப்பின் மட்டம்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உலுக்கியது அந்த ஒன்றரை அடிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாய்தளத்துக்கு நம் நாட்டு வழிகாட்டி நெறிகள் வைத்திருக்கும் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடிக்கு 18 அடி. உங்கள் வாசலில் 18 அடி சாய்தளம் போட்டால் அது தெருவின் நடுவுக்கு வந்துவிடும், வண்டி போகாது. போடாவிட்டால் நீங்கள் வீட்டைவிட்டு இறங்க முடியாது. கான்கிரீட் இறுகிய பிறகு இதற்கு நல்ல தீர்வே இல்லை என்பதால்தான் அவசரம் என்கிறேன். வரைபடத்தில் மட்டத்தைக் குறைப்பது ஒரு கோடு மாற்றும் வேலை. கட்டி முடித்ததை உடைத்துத் திரும்பக் கட்ட யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

இதில் நீங்கள் ‘ஒருத்தி’ என்பதையும் நான் ஏற்க மாட்டேன். நம் செட்டிநாட்டு ஊர்களில் இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெரு வரை நீளும் வீடுகளில் இன்று யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முழங்கால் வலியோடு தனியாக இருக்கும் ஆச்சிகளும் பெரியவர்களும்தான். அந்தச் சிலாப்பிலிருந்து இறங்க அவர்களுக்கும் ஒரு கை பிடிக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் சரிவிலேயே ஓடி ஊரணிக்குப் போய்ச் சேரும்படி அமைந்த ஊர்கள் இவை. வாசலில் மட்டத்தை உயர்த்தினால் ஐப்பசி மழையில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று பொறியாளரிடம் கேளுங்கள். உங்கள் கோரிக்கையும் தெருவார் கோரிக்கையும் ஒன்றாகிவிடும். நாலைந்து வீட்டுக்காரர்களின் கையெழுத்தோடு போகும் மனுவுக்கு வரும் பதிலே வேறு.

பாரம்பரிய ஊர், படியையெல்லாம் மாற்றக் கூடாது என்று அங்கே சிலர் பேசுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருப்பது உண்மை. காக்க வேண்டியது திண்ணையும் முகப்பும் ஊரணியும். போன மாதம் ஊற்றிய சிலாப்புக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

கணக்கெடுப்பு பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியும் முக்கியமானது. திட்டத்துக்காக வீடு வீடாக வந்தவர்கள் வாசலிலேயே நின்று உங்கள் அம்மாவிடம் “வீட்டில் எத்தனை பேர்?” என்று மட்டும் கேட்டுப் போனார்கள் என்கிறீர்கள். அப்படிக் கேட்டால் ‘இப்பகுதியில் மாற்றுத்திறனாளிகள் இல்லை’ என்றுதான் அறிக்கை வரும். “மாற்றுத்திறனாளி உண்டா?” என்று கேட்டாலும் பலர் இல்லை என்றே சொல்வார்கள். இதற்காகவே ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் இயங்கும் வாஷிங்டன் குழு ஆறு கேள்விகளை வகுத்திருக்கிறது. பார்க்க, கேட்க, நடக்க அல்லது படியேற, நினைவில் வைக்க, தன் வேலையைத் தானே செய்துகொள்ள, பிறரோடு பேசிப் புரியவைக்கச் சிரமம் இருக்கிறதா, எவ்வளவு சிரமம் என்று கேட்பார்கள். அந்த முறையில் மறுகணக்கு எடுக்கச் சொல்லி உங்கள் மனுவில் ஒரு வரி சேருங்கள்.

கடை

மாடியில் கடை என்றால் உங்களுக்குக் கடையே இல்லை என்று பொருள். லிஃப்ட் வரும் என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். உலக வங்கித் திட்டம் என்றால், இடம்பெயர்வோருக்கான அதன் விதிகள் வீட்டை இழப்பவரோடு நிற்பதில்லை. வருமானத்தை இழப்பவருக்கும் பொருந்தும், இடத்தின் மேல் சட்டபூர்வ உரிமை இல்லாதவருக்கும் உதவி உண்டு. நலிந்தவர்களின் நிலையைத் தனியாகக் கவனிக்கவும் சொல்கிறது. மறுவாழ்வுச் செயல்திட்டம் என்ற ஆவணத்தில் பாதிக்கப்படுவோர் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா, ‘மாற்றுத்திறனாளி, பெண்’ என்று குறித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். விடுபட்டிருந்தால் கடை இடிபடுவதற்கு முன்பே சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். வாடகை ரசீதுகளைத் தேடி எடுத்து வையுங்கள்.

தரைத்தளக் கடையை உங்களுக்கு முன்னுரிமையில் ஒதுக்கக் கோருங்கள். சட்டத்தின் 37-ஆம் பிரிவு, வறுமை ஒழிப்பு மற்றும் வளர்ச்சித் திட்டங்களில் குறிப்பிடத்தக்க அளவு குறைபாடு உள்ளவர்களுக்கு, பெண்களுக்கு முன்னுரிமை தந்து, 5 விழுக்காடு ஒதுக்கச் சொல்கிறது. ‘குறிப்பிடத்தக்க அளவு’ என்பது 40 விழுக்காடும் அதற்கு மேலும். உங்கள் தனித்துவ அடையாள அட்டையில் 70 என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அதில் சிக்கல் இல்லை. கடை ஏலத்துக்கு இந்தப் பிரிவை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதில் எதிர்த்தரப்பு வாதாடும், அதற்குத் தயாராக இருங்கள். அதனால்தான் மறுவாழ்வு விதியை முதலில் வைக்கச் சொல்கிறேன்.

பின்பக்க ராம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் நுழையும் வழியிலேயே நீங்களும் நுழைய வேண்டும். குப்பை வண்டி நிற்கும் சந்து வழியாக வாடிக்கையாளர் யாரும் உங்கள் கடைக்கு வர மாட்டார்கள்.

எங்கே, எந்த வரிசையில்

முதலில் தகவல் உரிமை மனு. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். வங்கியின் பெயர், திட்ட எண், வாய்க்காலின் மட்டம் காட்டும் வரைபடம், வளாக வரைபடம், கூட்டக் குறிப்பு, பாதிக்கப்படுவோர் பட்டியல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘எல்லா ஆவணமும்’ என்று பொதுவாகக் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

அந்தப் பதிலுக்குக் காத்திராமலே திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். திட்டத்துக்கென்றே குறைதீர்ப்பு ஏற்பாடு இருக்க வேண்டும், அங்கேயும் ஒரு பிரதி. 2025-இல் சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்தத்தால் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக வர வழி பிறந்திருக்கிறது. உங்கள் பேரூராட்சியின் நியமன உறுப்பினர் யார் என்று விசாரித்து அவரைப் பாருங்கள். மன்றத்துக்குள் இதை எழுப்ப அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

பதில் சரியில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஆனால் மூன்று மாதத்தில் உங்கள் தெரு வாய்க்காலே முடிந்துவிடும். வேலை வாசலுக்கு வரப்போகிறது என்று தெரிந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடுவதுதான் வழி. அங்கே வேலைக்குத் தடை கேட்காதீர்கள். ‘41, 44-ஆம் பிரிவுகளின்படி வரைபடத்தைத் திருத்திக் கட்ட உத்தரவிடுங்கள்’ என்று கேளுங்கள். தடை வாங்கினால் ஊர் உங்கள் மேல் திரும்பும் என்ற உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. திருத்தம் கேட்டால் ஊருக்கு இழப்பு எதுவும் இல்லை.

வங்கியிடமும் நேராகச் சொல்லலாம். உலக வங்கிக்குக் குறைதீர்ப்புச் சேவை என்று ஒன்று உண்டு. அதற்கு மேலே, வங்கி தன் விதிகளையே மீறியதா என்று பார்க்க 1993-இல் அமைக்கப்பட்ட ஆய்வுக் குழு இருக்கிறது. அதனிடம் போகக் குறைந்தது இரண்டு பேர் சேர வேண்டும், அதற்கு முன் வங்கி அதிகாரிகளிடம் முறையிட்டிருக்க வேண்டும். ஆசிய வளர்ச்சி வங்கிக்கும் இதேபோல் தனிப் பொறுப்புடைமை அமைப்பு இருக்கிறது. இவையெல்லாம் மெதுவாக நகர்பவை. ஆனாலும் ‘வங்கிக்கும் நகல்’ என்று மனுவின் அடியில் ஒரு வரி இருந்தால், உள்ளூரில் கோப்பு வேகமாக நகர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பயங்கள்

ஒரு வாசகியின் மனுவால் கடன் நின்றுவிடாது. குறைதீர்ப்பு ஏற்பாட்டைக் கேட்டு வாங்குவதே வங்கிதான். அதில் புகார் வருவதை எதிர்பார்த்தே திட்டம் போடுகிறார்கள். வங்கியிடம் போகும்போது உங்கள் பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லவும் முடியும். உதவித்தொகை உங்கள் குறைபாட்டையும் தகுதியையும் வைத்து வருவது, மனுக் கொடுத்ததற்காக அதை நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. அப்படி யாராவது மிரட்டினால், என்ன சொன்னார் என்பதை அன்றைக்கே தேதியோடு எழுதிவைத்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஆணையருக்கும் தெரிவியுங்கள்.

வழக்குச் செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. இந்த இரண்டு பிரிவினருக்கும் வருமான வரம்பு இல்லை. சிவகங்கை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ உங்கள் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கோ போகும்போது அடையாள அட்டை நகல், வாடகை ரசீதுகள், கூட்டக் குறிப்பின் நகல், செயல் அலுவலருக்கு அனுப்பிய கடிதத்தின் தபால் ரசீது ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். முடிந்த தெருவில் சிலாப்பின் மேல் அளவு நாடாவைப் பிடித்து எடுத்த படம் ஒன்றும் வேண்டும், அளவு எண் தெளிவாகத் தெரியும்படி. உங்கள் தெருவில் தோண்டத் தொடங்குவதற்குள் போய்விடுங்கள்.